ஆட்டு நோய்க்கு மட்டும் அதிகாரம்

கானிசேவ்,
1978 ஏப்ரல் 3

தன்னாட்சிப் பகுதியின் வேளாண் செயலர் தஹ்சீன் அவர்களுக்கு,

அண்ணா என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. பாக்தாத் கொடுத்த நாற்காலியில் நீங்கள் போய் உட்கார்ந்தபோது, "உங்க கார் எங்க வாசல்ல வந்து நிக்க வேண்டாம்" என்று சொல்லியனுப்பியவள் நான்தான். மூன்று வருடமாகிறது. இந்த ஊரில் உங்களைக் கழுதைக்குட்டி என்கிறார்கள். பாக்தாத்துக்குச் சுமை தூக்குகிற எல்லோருக்கும் மலையில் அதுதான் பெயர். நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், பயத்தில் என் ரோஷம் கரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு ஜீப் வந்தது. சிப்பாய்களோடு கோட்டு போட்ட ஒருவரும் இறங்கினார். வீடு வீடாகப் போய்க் கதவில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தார்கள். எங்கள் கதவிலும் இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் மௌலூத் போய், "எதுக்குங்க இது?" என்று கேட்டார். கோட்டு போட்டவர் நம் மலை மொழியிலேயே பதில் சொன்னார். "எல்லை ஓரத்து ஊரையெல்லாம் சமவெளிக்கு மாத்தறோம். புது வீடு, கரண்டு, ஆஸ்பத்திரி."

"நாங்க கேட்டோமா?"

"நீங்க கேட்டாத்தான் குடுக்கணுமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிற தோலாவில் போன இலையுதிர்காலத்தில் இதே கோடு இழுத்தார்கள். பிறகு லாரிகள் வந்தன. என் சிநேகிதி ஹப்ஸா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் புது வீட்டுக்குத்தான் போனாள். போனவள் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? அவள் மட்டுமில்லை, அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்தும் இதுவரை ஒரு சேதி இல்லை.

நிர்வாகக் குழு கூடியது, நிர்வாகக் குழு முடிவு செய்தது என்று வானொலியில் தினமும் சொல்கிறார்கள். நீங்கள் அதில் ஒருவர். நீங்கள்தான் அரசாங்கம் என்கிறார்கள். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அரசாங்கம் என்றால் ஒரு லாரியை நிறுத்த முடியுமா, முடியாதா?

ஆட்டு வியாபாரி ஜவ்ஹர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெஃப்ரீன்


எர்பில்,
1978 ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

தங்கள் மனு கிடைத்தது. தன்னாட்சிச் சட்டத்தின்படி, சட்டமன்றத்தின் தீர்மானங்களை நடைமுறைப்படுத்துவதும், பகுதியின் வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிப்பதும், கல்வி, வேளாண்மை, வீட்டுவசதி, சாலை, உள்ளூராட்சி ஆகிய துறைகளை நடத்துவதும் நிர்வாகக் குழுவின் பணிகளாகும். எல்லைப் பாதுகாப்பு மத்திய அரசைச் சார்ந்தது. அது குறித்துக் கருத்துக் கூற இச்செயலகத்துக்கு அதிகாரமில்லை.

எல்லையோர மக்களின் நலன் கருதியே குடியிருப்புகள் மாற்றப்படுகின்றன. புதிய குடியிருப்பில் சகல வசதிகளும் செய்யப்பட்டுள்ளன. வதந்திகளுக்குச் செவிசாய்க்காமல் அதிகாரிகளுடன் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

தஹ்சீன்
வேளாண் செயலர்


கானிசேவ்,
1978 ஏப்ரல் 17

செயலர் அவர்களுக்கு,

தட்டச்சு அழகாக இருந்தது. ஒரு பிழை இல்லை. கேட்டுக்கொள்ளப்படுகிறேன் நான்! சின்ன வயதில் நீங்கள் சொல்லிக் கேட்ட ஒரு வார்த்தையாவது அதில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் புதுப் பசை வழிந்திருந்தது.

ரொட்டி சுடுகிற இடத்தில் பெண்கள் கேட்டார்கள். "ஏண்டி, உங்க அண்ணன் என்ன எழுதியிருக்காரு?"

நான் பொய் சொன்னேன். "பார்த்துக்கறேன்னு எழுதியிருக்காரு."

"கழுதைக்குட்டின்னாலும் நம்ம கழுதைக்குட்டிதானே" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மாவு பிசைகிற கை நின்றுபோயிற்று.

நேற்று அந்த ஜீப் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஆண்களை மட்டும் கூப்பிட்டு நிறுத்திப் பெயர் எழுதினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் எழுதவில்லை. மௌலூத் கேட்டார், "ஆம்பளைங்களை மட்டும் ஏன் தனியா?" "நீங்க வேற லாரி" என்றான் ஒரு சிப்பாய். பக்கத்தில் நின்றவன் அவன் காலை மிதித்தான். நான் அதைப் பார்த்தேன் தஹ்சீன். மிதித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து மௌலூத் வெளியே போனால் திரும்பி வருகிற வரைக்கும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

சகல வசதிகளும் இருக்கிறதாமே. நீங்கள் அந்தக் குடியிருப்பைப் பார்த்தீர்களா? ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

லாரி உங்கள் அதிகாரத்தில் இல்லை, சரி. ஆடு இருக்கிறதல்லவா? எங்கள் ஆடுகளுக்கு வாயில் புண். நாலைந்து நொண்டுகின்றன. ஒரு டாக்டரையாவது அனுப்புங்கள். லாரி ஏற்றும்போது ஆடுகளாவது ஆரோக்கியமாக நின்று எங்களை வழியனுப்பட்டும்.

பெஃப்ரீன்


எர்பில்,
1978 ஏப்ரல் 23

பெஃப்ரீன்,

இதை என் கையால் எழுதுகிறேன். ஜவ்ஹர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முதலில் அந்தத் தட்டச்சுக் கடிதம். என் அறைக்கு வெளியே ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார். பெயர் நாதிம். பாக்தாத் அனுப்பியவர். ஒவ்வொரு செயலருக்கும் அப்படி ஒருவர் உண்டு. எனக்கு வருகிற கடிதம் எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். உன் கடிதத்தை ஜவ்ஹர் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டார். அது நாதிம் கைக்குப் போய்விட்டது. அவர் அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, "தங்கச்சிக்கு ஒரு பதில் போட்டுடலாமே, இப்பவே" என்றார். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரர் அடித்தார். நாதிம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. என்னை மிரட்டப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்றால் நீ ஒருத்திதான். அது இப்போது அவருக்குத் தெரியும்.

நீ சொன்னபடி போய்ப் பார்த்தேன். தீவனப் பயிர் பார்க்கிறேன் என்று காரணம் சொல்லி அந்தச் சமவெளிக்குக் காரை விடச் சொன்னேன். அங்கே ஒரு பலகை இருக்கிறது. புதிய குடியிருப்பு என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பலகைக்குப் பின்னால் முளைக்குச்சிகளும் கயிறும் மட்டும்தான். ஒரு செங்கல் இல்லை. அங்கே மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "போன வருஷத்துலருந்து இப்படியேதான் இருக்குங்க. யாரும் வரலை. வந்தா நானே டீ போட்டுக் குடுத்திருப்பேன்" என்றார். வீடு இல்லை என்றால் தோலாவின் ஜனங்கள் எங்கே?

மறுநாள் குழுக் கூட்டம். ஆலிவ் நாற்று, பள்ளிக்கூடக் கூரை, நகராட்சிக் குப்பை லாரி எல்லாம் பேசி முடித்தோம். கடைசியில் நான் கேட்டேன். "எல்லையோர ஊர்களை மாத்தறது வீட்டுவசதிதானே? வீட்டுவசதி நம்ம துறை. வீடு எங்கே கட்டியிருக்கோம்னு தெரிஞ்சுக்கலாமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பாதுகாப்பு விஷயம், தஹ்சீன்."

"வீடு எப்படிப் பாதுகாப்பு விஷயமாகும்?"

"கேக்கறதே பாதுகாப்பு விஷயம்தான்" என்றார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். குழுவில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

படி இறங்கும்போது போக்குவரத்துச் செயலர் என் பக்கத்தில் வந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னார். "லாரிக்கு டீசல் எங்கிட்டதான் கேட்டாங்க. சமவெளிக்குப் போற அளவு இல்லப்பா. தெக்கே பாலைவனம் வரைக்கும் போற அளவு. அதுவும் ஆம்பளைங்க லாரிக்கு மட்டும்." பொம்பளைங்க லாரி எங்கே போகும் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. லாரியை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. சிப்பாய்க்கு நான் உத்தரவு போட முடியாது. ஒரு ஊரை மாற்ற வேண்டாம் என்று சொல்ல முடியாது. சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்று வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அதை முழுசாகப் படித்தது இப்போதுதான். அப்புறம் உன் கடிதத்தின் கடைசி வரிகள் ஞாபகம் வந்தன.

கால்நடை நோய் என் துறை. முழுக்க முழுக்க என்னுடையது. ஒரு பள்ளத்தாக்கில் கோமாரி வந்துவிட்டால், அதற்குள் மனிதரோ விலங்கோ வண்டியோ நுழையக்கூடாது, வெளியே வரக்கூடாது என்று நான் உத்தரவு போடலாம். மத்திய அரசின் துறைகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்படித்தான் சட்டத்தில் இருக்கிறது. யாரும் அதைப் பரீட்சை பண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் கெலாவேஜ் என்று ஒரு பெண் வருவார். என் துறையில் நான் நம்புகிற ஒரே ஆள். அவர் சொல்கிறபடி கேளுங்கள். ஊருக்கு மேலே இருக்கிற கணவாயில் பனி எப்போது உருகும் என்று மௌலூத்தைக் கேட்டு எழுது. எல்லைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் இருக்கிறார்கள். பனி உருகுகிற வரைக்கும், ஊருக்குள் லாரி வர ஒரே வழியான அந்தப் பாலத்தை அடைத்து வைக்கப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

ரொட்டி சுடுகிற இடத்தில் நீ சொன்ன பொய்யை இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

தஹ்சீன்


கானிசேவ்,
1978 மே 5

அண்ணா,

அண்ணா என்றே எழுதிவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வந்தார். ஒல்லியாக, சின்னப் பெண்ணாக இருந்தார். எங்கள் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "இது முள்ளுப் புல் குத்தின புண்ணு அக்கா. தானா ஆறிடும்." பிறகு எழுந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "கோமாரி!" என்று சத்தம் போட்டார். பொய் என்று தெரிந்திருந்தும் நான் ஆட்டை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

பாலத்தின் இந்தப் பக்கம் சுண்ணாம்பு கொட்டிக் கயிறு கட்டி, உத்தரவை ஒட்டினார். அடுத்த நாளே அந்தப் பக்கம் லாரிகள் வந்து நின்றன. ஒரு கேப்டன் இறங்கி வந்தான். நாங்கள் எல்லோரும் பாறைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் தனியாக நின்றார்.

"ஆட்டுக்கு நோய் வந்தா என் ஆளுங்களை ஏன் நிறுத்தறே?" என்று கேட்டான்.

"பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டுப் போகும் சார். உங்க படைக்கு வர்ற ஆடு, அரசுப் பண்ணை மாடு எல்லாம் கீழேதான் இருக்கு. தாராளமா வாங்க. நாளைக்கு அங்கே நோய் பரவினா யார் பேரை எழுதறதுன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

"யார் உத்தரவு இது?"

"தன்னாட்சி நிர்வாகக் குழுவோடது."

கேப்டன் சிரித்துவிட்டான். "அப்படி ஒண்ணு நெஜமாவே இருக்கா?"

ஆனால் கயிற்றைத் தாண்டவில்லை அண்ணா. பாலத்தின் நடுவில் ஒரு கால் வைத்தான். தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான். பின்வாங்கிப் போய்விட்டான். நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்கிறது என்பதை முதல்முதலாக நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது ஒரு கயிறும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான்.

அவர்கள் போகவில்லை. அங்கேயே கூடாரம் அடித்துவிட்டார்கள். ஒருவன் எப்போதும் தொலைநோக்கியால் ஊரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நோய் என்றால் ஒரு ஆடு கூடச் சாகவில்லையே என்று கத்திக் கேட்டான். டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, கொல்லாம நம்ப மாட்டாங்க."

"எத்தனை?"

"உங்க மந்தை முழுசும். நோய் முதல்ல வந்தது உங்க வீட்டுலன்னு எழுதியிருக்கேன்."

நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன். உங்களையும் திட்டினேன். உங்கள் அதிகாரத்தை உபயோகிக்கச் சொன்னேன், அது என் ஆடுகள்மேலா வந்து விழ வேண்டும் என்று கத்தினேன். அவை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு அண்ணா. குட்டி போட்டிருந்தவை பாதி. மௌலூத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். அவரை நம்பி வந்தன. டாக்டர் ஊசி போட்டார். ஊசி போட்டுக்கொண்டே அழுதார். பிறகு ஆற்றங்கரையில், தொலைநோக்கிக்குத் தெரிகிற இடத்தில் வைத்து எரித்தோம். அந்த வாடை இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது. எரிகிற பக்கத்திலிருந்து காற்று பாலத்துக்கு வீசியதும் அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடாரத்தை இன்னும் பின்னால் நகர்த்தினார்கள்.

கணவாயில் பனி இன்னும் இடுப்பளவு இருக்கிறது. மௌலூத் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் பத்துப் பதினைந்து நாளாவது வெயில் அடிக்க வேண்டும் என்கிறார். பகலில் வெயில் அடித்தால் சந்தோஷப்படுகிறோம். மேகம் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். குழந்தைகள் கூட அண்ணாந்து பார்க்கின்றன.

ஜவ்ஹரால் பாலத்தைத் தாண்ட முடியாது. இந்தக் கடிதத்தை டாக்டர் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார். அவரை மட்டும்தான் உள்ளேயும் வெளியேயும் விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்.

உங்கள் தங்கை


எர்பில்,
1978 மே 16

பெஃப்ரீன்,

உன் ஆடுகளைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலே விடுகிறேன்.

நாதிம் நேற்று என் அறைக்கு வந்தார். வழக்கமாக அவர் உட்காருவதற்கு முன்னால் என்னைக் கேட்பார். நேற்றுக் கேட்கவில்லை.

"செயலர் ஐயா, அந்தக் கோமாரி வந்த ஊரு நம்ம தங்கச்சி ஊருதானே?"

"ஆமா."

"மந்தை முழுக்கப் போச்சாமே. பாவம்." டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நீங்க இந்த மூணு வருஷத்துல போட்ட உத்தரவு எல்லாத்தையும் படிச்சிருக்கேன். மருந்து தெளிக்கறது, கிணறு வெட்டறது, புகையிலைக்கு விலை வைக்கறது. ஒண்ணும் ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்காது. பாக்தாத்துல உங்களைப் பத்திக் கேட்டா, தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவேன். இந்த ஒரு உத்தரவுதான் ராணுவத்தை நிறுத்தியிருக்கு. தற்செயலாத்தான் இருக்கணும், இல்லையா?"

"நோய் தற்செயலாத்தானே வரும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நானும் அதைத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "பாக்தாத்துலருந்து நாலு கால்நடை டாக்டருங்க வர்றாங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்."

விஷயம் இதுதான். எங்கள் உத்தரவு எதையும் மத்திய அரசு ஆட்சேபிக்கலாம். அதற்கென்று அங்கே ஒரு மேற்பார்வைக் குழு இருக்கிறது. ஆட்சேபம் பதிவானால் உத்தரவு அப்போதே செல்லாமல் போய்விடும், லாரி பாலத்தைத் தாண்டலாம். அவர்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. ஏன் தெரியுமா? நோய் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் பயம். ஆட்சேபித்தவன் பெயரில் பண்ணை மாடெல்லாம் சாகும். இந்த நாட்டில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என் உத்தரவு அதை நம்பித்தான் நிற்கிறது.

அந்த நால்வரும் வந்தால் முதல் ஆட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆகவே நானே பாக்தாத்துக்குப் போகிறேன். நேரில் விளக்கம் கொடுக்க அனுமதி கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. செயலர் விளக்கம் கொடுக்காமல் நிபுணர்களை அனுப்புவது முறையில்லை என்று எழுதியிருந்தேன். முறை என்ற வார்த்தைக்கு அவர்களும் கொஞ்சம் மரியாதை கொடுக்கிறார்கள். நான் அங்கே போய் உட்கார்ந்து, வரைபடம் விரித்து, ஒவ்வொரு நோயாக, ஒவ்வொரு பள்ளத்தாக்காகப் பேசுவேன். மெதுவாகப் பேச எனக்கு நன்றாக வரும். குழுக் கூட்டங்களில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நீயும் வந்துவிடு என்று சொல்வாய். வந்திருப்பேன். நான் இங்கிருந்து மறைந்தேன் என்று தெரிந்த மறுநிமிடம் அந்தக் கேப்டன் கயிற்றை அறுத்துவிடுவான். நான் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் அது கயிறு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற டாக்டர் கெலாவேஜ் திரும்பி வரக்கூடாது. அவர் பெயர்தான் அறிக்கையில் முதலில் இருக்கிறது. பிடிவாதம் பிடிப்பார், விடாதே. உங்களோடு கூட்டிக்கொண்டு போ. பனி எவ்வளவு இருந்தாலும் சரி, இனிமேல் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே கிளம்புங்கள். மந்தை எரித்த இடத்தில் ஈரக் கட்டையைப் போட்டுப் புகைய விட்டுவிட்டுப் போங்கள். ஊரில் ஆள் இருப்பதுபோல் தெரியும். உத்தரவில் மனிதர் வெளியேறக்கூடாது என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அதை மீறச் சொல்லி நானே எழுதுகிறேன். ஆனால் மலைப் பக்கம் பற்றி உத்தரவில் குறிப்பிடவில்லை. பாலம் என்று மட்டும்தான் இருக்கிறது. யோசித்துத்தான் அப்படி எழுதினேன்.

நான் பயப்படவில்லை என்று எழுத ஆசை. நீ நம்ப மாட்டாய். பெட்டியில் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன். பாக்தாத்தில் இப்போது நல்ல வெயில். இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


பானே அருகில்,
1978 ஜூலை 9

அண்ணா,

எல்லோரும் எல்லை தாண்டி வந்து சேர்ந்துவிட்டோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மௌலூத்துக்குப் பனியில் இரண்டு கால்விரல் போய்விட்டது. அதைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் எங்களோடுதான் இருக்கிறார். வரமாட்டேன் என்று பாலம் பக்கம் நடந்தார். ரொட்டி சுடுகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கணவாயின் உச்சியில் நின்று மௌலூத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் மத்தியானம். லாரிகள் பாலத்தின்மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தனவாம். ஊருக்குள் போய் நின்றன. சிப்பாய்கள் இறங்கி வீடு வீடாக ஓடினார்கள். யாரும் வெளியே கொண்டுவரப்படவில்லை. உள்ளே ஆள் இருந்தால்தானே. பிறகு புகை எழும்பியதாம். எந்த வீடு என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உங்களைப் பற்றி வானொலியில் ஒரு வரி சொன்னார்கள். வேளாண் செயலர் சொந்த விருப்பத்தின்பேரில் பொறுப்பிலிருந்து விலகினார் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜவ்ஹர் இரண்டு தடவை உங்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். கதவு பூட்டியிருக்கிறதாம். தோலாவைப் பற்றியும் இப்படித்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. எனக்கு அது ஞாபகம் வந்து வந்து போகிறது.

இங்கே உங்களை யாரும் இப்போது கழுதைக்குட்டி என்று சொல்வதில்லை. செயலர் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. என் அண்ணனாகவே இருந்து, ஒரு அதிகாரமும் இல்லாமல், இந்த வாசலில் வந்து நின்றிருக்கலாம்.

இதை உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். பிரிக்கிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் ஐயா, இதைப் படிக்கிற அதிகாரி ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் சிப்பாய்க்கு உத்தரவு போடவில்லை. எல்லையைத் தொடவில்லை. ஆட்டு நோய்க்குத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த அதிகாரம் உங்கள் சட்டத்தில், நீங்களே எழுதிக் கொடுத்த சட்டத்தில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அவர் சட்டத்தை மீறினார் என்றால், எந்த வரியை என்று சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவரை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு தங்கை இருப்பாள்.

பெஃப்ரீன்


தெற்கிலிருந்து,
1978 டிசம்பர்

பெஃப்ரீன்,

இதைக் கொண்டுவருகிறவர் ஒரு லாரி ஓட்டுநர். பெயர் வேண்டாம். நானும் ஊர்ப் பெயர் எழுதவில்லை.

உயிரோடு இருக்கிறேன். பல் சிலது இல்லை. கோடை முழுக்க ஒரு அறையில் இருந்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன், நீயும் கேட்காதே.

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது. ஒரு அதிகாரி எனக்கு அதை வாசித்துக் காட்டினார். அவரைக் குறித்து நீ எழுதியதையும் விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நெஜமாவே அப்படிச் சட்டத்துல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு ஆளை அனுப்பிச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மறுநாளிலிருந்து அடி இல்லை. காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதை அவர் வாசித்த அந்தக் கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவர் முன்னால் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் அந்த அறையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த நேரம்.

இப்போது இந்தப் பாலைவன ஊரில் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஊரைத் தாண்டிப் போகக்கூடாது. நம் மலைக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறார்கள். ஆண்கள் மட்டும். அவர்களில் தோலாவைச் சேர்ந்தவர்கள் சிலர். ஹப்ஸாவின் கணவர் இருக்கிறார். அவள் எங்கே என்று அவர் என்னைக் கேட்டார். பெண்களை ஏற்றிய லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான் ஒருகாலத்தில் செயலராக இருந்தேன் என்று கேள்விப்பட்டு, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்று வருகிறார்கள். எனக்கு எதிலும் அதிகாரம் இல்லை என்று சொல்கிறேன். நம்பாமல் திரும்பிப் போகிறார்கள். மறுநாள் மறுபடி வருகிறார்கள்.

பொதுமன்னிப்பு என்று வானொலியில் சொல்வார்கள். திரும்பி வந்தால் வீடு தருவோம், நிலம் தருவோம் என்பார்கள். முளைக்குச்சியையும் கயிற்றையும் நான் என் கண்ணால் பார்த்தவன். வராதே. மௌலூத்தை வரவிடாதே. நானே கூப்பிட்டு எழுதினதாக ஒரு கடிதம் வந்தாலும் வராதே. என் கையெழுத்தாகவே இருந்தாலும் வராதே.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை இங்கே லாரி வரும். சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். பின்பலகையைத் திறந்து ஒவ்வொருவராக இறக்குவார்கள். முகம் முழுக்கப் புழுதியாக இருக்கும், சட்டென்று அடையாளம் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கடைசி ஆள் இறங்கி, லாரி காலியாகிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

இன்று வரை நம் ஊர்க்காரர் யாரும் இறங்கவில்லை.

அண்ணன்